மேக் மினி: தொலைக்காட்சிப் பதிவுக் கருவியாகும் என்ற ஊகம்

மேக் மினி என்பது அமெரிக்காவின் ஆப்பிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த மேக்வேர்ல்டு கண்காட்சியில் அறிமுகம் செய்த சிறு கணினி. நீளமும் அகலமும் 16.5 செ.மீ., உயரம் 5 செ.மீ., எடை 1.3 கிலோகிராம், குறைந்த விலை 499 டாலர் என்ற அளவில், திரையும் விசைப்பலகையும் மவுஸும் இல்லாமல் விற்கப்பட்ட இந்த யந்திரம், எழுதவும் கணக்குப் பார்க்கவும் உதவுவதோடு நில்லாமல், வரவேற்பறைத் தொலைக்காட்சியின் அருகே அமர்ந்து நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, வீட்டார் வேண்டும்போது காட்டும் சாதனமாகவும் விளங்கும் என்றும், ஆப்பிள் நிறுவனத்தின் அந்தரங்க உத்தேசமே அதுதான் என்றும் வெளிவந்த நாள் முதற்கொண்டு பலரும் ஊகித்தனர். அவ்வூகத்தின் பிறப்பையும் நியாயத்தையும் முடிவையும் இக்கட்டுரை கூறுகிறது.

பதிவின் பூர்வ வரலாறு

ஒளிபரப்பாகும் காட்சியை வேறொரு நேரத்துக்கு மாற்றி வைக்க வேண்டும் என்ற தேவை முதலில் தோன்றியது வீட்டில் அன்று, நிலையத்தில்தான். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் இடையே கடிகாரம் மூன்று மணி நேரம் வேறுபடுவதால், நியூயார்க்கில் மாலையில் நடத்தப்படும் நிகழ்ச்சி லாஸ் ஏஞ்சல்ஸில் பிற்பகலில் வந்து சேரும். அதனை அங்கும் மாலையில் காட்ட வேண்டுமானால், திரையில் தோன்றும் படத்தைச் சினிமாப் பிலிமில் பிடித்து, அவசரம் அவசரமாகக் கழுவி, ஈரம் உலர்ந்ததும் உலராததுமாக ஓட்டுவதே தொடக்க காலத்து வழக்கமாக இருந்தது. செலவு மிகுந்ததும் தெளிவு குறைந்ததுமான இம்முறைக்கு முடிவு கட்டியது ஆம்பெக்ஸ் நிறுவனம். சார்லஸ் கின்ஸ்பர்க் என்பவரின் தலைமையில், பிற்காலத்தில் ஒலித்துறையில் பெரும்புகழ் எய்திய ரே டால்பி என்ற இளைஞரையும் உள்ளிட்ட ஒரு சிறு குழுவினர் உருவாக்கிய காந்த நாடாப் பதிவு யந்திரம், 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் சிகாகோவில் காட்டப்பட்டது. நான்கு தலைகள் பொருத்திய உருளை ஒன்று நிமிடத்திற்கு 14,400 முறை சுழல, 2 அங்குல அகலமுள்ள நாடா அதன்மீது உராய்ந்து செல்லுமாறு அமைந்த அந்த யந்திரத்தின் விலை ஏறத்தாழ 50,000 டாலர். அதே ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் டக்ளஸ் எட்வர்ட்ஸ் வாசித்த செய்தியை ஹாலிவுட்டில் பதிவு செய்து, மூன்று மணி நேரம் கழித்து மேற்குக் கரை மக்களுக்குக் காட்டியது சி.பி.எஸ். நிறுவனம். ஒளிபரப்பின் காலத்துக்குப் பார்ப்பவர் அடிமையாக இருக்க வேண்டியதில்லை என்ற கருத்து அன்றுதான் நடைமுறையில் ஸ்தாபிதமாயிற்று.

அக்கருத்து வீட்டுக்குள் நுழைய மேலும் பதினாறு ஆண்டுகள் சென்றன. 1972இல் பிலிப்ஸ் வெளியிட்ட என்1500 என்ற பதிவுக் கருவி, அலைவரிசையைத் தானே பிடிக்கும் ட்யூனரையும், குறித்த நேரத்தில் தானே பதிவைத் தொடங்கும் கடிகாரத்தையும் ஒரே பெட்டிக்குள் கொண்டிருந்தது. ட்யூனர், கடிகாரம், சேமிப்பு ஆகிய இம்மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் பதிவுக் கருவி என்ற பெயர் முழுமையாகப் பொருந்தும் என்பதையும், மேக் மினியைப் பற்றிய விவாதம் எல்லாம் இவற்றுள் முதலாவதான ட்யூனரைச் சுற்றியே எழுந்தது என்பதையும் வாசகர் நினைவில் இருத்துதல் நலம்.

1975இல் சோனியின் பீட்டாமேக்ஸும், 1976இல் ஜே.வி.சி.யின் வி.எச்.எஸ். முறையும் வந்தன. பீட்டாமேக்ஸ் வீடுகளில் பரவத் தொடங்கிய உடனேயே யூனிவர்சல், வால்ட் டிஸ்னி ஆகிய படநிறுவனங்கள் 1976இல் சோனியின்மீது வழக்குத் தொடுத்தன. வீட்டார் பதிவு செய்வது பதிப்புரிமைக்கு விரோதம், அதற்குக் கருவி விற்பவரும் குற்றத்தில் பங்காளி என்பது அவற்றின் வாதம். ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடந்த அவ்வழக்கில் 1984ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்தல் நேர்மையான உபயோகமே என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மையின் சார்பில் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திவந்த பிரெட் ரோஜர்ஸ் என்ற சாது மனிதரின் சாட்சியத்தை, அதாவது குடும்பத்தினர் தமக்கு ஒழிந்த நேரத்தில் தம் நிகழ்ச்சியைக் காண இக்கருவி உதவுவது நன்மையே என்று அவர் கூறியதை, எடுத்துக் காட்டியிருப்பது மனத்தைத் தொடும் செய்தி. ஓர் ஓட்டு மாறியிருந்தால் இனிக் கூறப்படும் வரலாறு நிகழாமலே போயிருக்கலாம்.

நாடாவின் இடத்தில் கணினியின் வன்தட்டை வைத்த மாறுதல் 1999இல் நேர்ந்தது. மைக் ராம்சே, ஜிம் பார்ட்டன் என்ற இருவர் தொடங்கிய டிவோவும், ஆந்தனி வுட் தொடங்கிய ரீப்ளே டிவியும் அவ்வாண்டில் சந்தைக்கு வந்தன. எழுதிக்கொண்டிருக்கும்போதே படிக்கவும் வல்லது வன்தட்டு. ஆதலால் ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நடுவில் நிறுத்தி, எழுந்து சென்று, திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வது முதன்முறையாக வீட்டார்க்குக் கைகூடியது. டிவோ உள்ளூர ஒரு கணினியே. லினக்ஸ் மென்பொருளில், 54 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள பவர்பிசி செயலியின் துணையால் அது இயங்கியது. பின்னாளில் முதல் மேக் மினியில் அமைந்ததும் அதே பவர்பிசி குடும்பத்தின் ஜி4 செயலிதான். அதன் வேகமோ 1.25 கிகாஹெர்ட்ஸ், அதாவது டிவோவைப்போல் இருபத்து மூன்று மடங்கு. சிறிய தம்பி செய்யும் தொழிலைப் பெரிய அண்ணன் செய்யமாட்டானா என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

கணினிக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உறவும் பழையது. 1981இன் சின்க்ளேர் இசட்எக்ஸ்81, 1982இன் கமடோர் 64 முதலிய வீட்டுக் கணினிகள் தமக்கெனத் திரை இல்லாதவை. வீட்டிலிருந்த தொலைக்காட்சியையே இரவல் வாங்கிக்கொண்டவை. ஆப்பிள் நிறுவனமே 1993இல் மேக்கின்டாஷ் டிவி என்ற கறுநிறப் பெட்டி ஒன்றை வெளியிட்டது. அதில் 14 அங்குலத் திரையும் ட்யூனரும் ரிமோட்டும் இருந்தன. ஆயினும் தனித்தனி அசையாப் படங்களைப் பிடித்து வைக்க இயலுமே ஒழிய ஓடும் காட்சியைப் பதிவு செய்ய இயலாது. ஏறத்தாழ 10,000 பெட்டிகளோடு, சில மாதங்களிலேயே அதன் உற்பத்தி நின்றது.

கணினிவழிப் பதிவின் வகைகள்

வன்தட்டில் பதிவு செய்யும் கருவிகளை மூன்றாகப் பகுக்கலாம். டிவோ போன்ற தனிப்பெட்டி ஒன்று. கேபிள் நிறுவனத்தாரோ செயற்கைக்கோள் நிறுவனத்தாரோ வாடகைக்குத் தரும் செட்டாப் பெட்டியிலேயே பதிவும் அமைந்தது இரண்டு. பொதுக் கணினி ஒன்றைப் பதிவுக்கு ஏற்றவாறு அமைத்துக்கொள்வது மூன்று. இவற்றுள் முதல் இரண்டிலும் உடைமையாளனுக்குச் சுதந்திரம் குறைவு. மூன்றாவதில்தான் பதிவு முழுக்க அவனுக்குச் சொந்தமாகிறது. வேறு தட்டுக்கு மாற்றலாம், டிவிடியில் எழுதலாம், பத்தாண்டு வைத்துக் காக்கலாம். ஐசக் ரிச்சர்ட்ஸ் 2002இல் தொடங்கிய மித்டிவி என்ற கட்டற்ற மென்பொருளும், மைக்ரோசாப்ட் அதே ஆண்டில் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டரும் இவ்வகையின. மேக் கணினிகளுக்கு ஜெர்மனியின் எல்காட்டோ நிறுவனம் 2002 முதல் ஐடிவி என்ற பெயரில் வெளிப்புறக் கருவிகளையும் மென்பொருளையும் தந்துவந்தது.

மூன்றாம் வகையை மீண்டும் உட்பிரிவு செய்வது அவசியம், ஏனெனில் மேக் மினி எதற்குத் தகுதி, எதற்குத் தகுதியில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். பழைய அனலாக் ஒளிபரப்பை எண்வடிவமாக்கிச் சுருக்காமல் அப்படியே எழுதுவதானால், 640க்கு 480 என்ற சாதாரணப் படமே நொடிக்கு 18 மெகாபைட்டைத் தாண்டும். ஒரு மணி நேரத்துக்கு 66 கிகாபைட் ஆகும். முதல் மேக் மினியின் 40 கிகாபைட் வன்தட்டு அதில் பாதிக்குச் சற்று மேல் ஏற்றுக்கொண்டு கைவிரித்துவிடும். எனவே, வரும்போதே எம்பெக்-2 முறையில் சுருக்குதல் இன்றியமையாதது. அச்சுருக்கத்தைக் கணினியின் செயலியே செய்தால் வேறு வேலைக்கு அது உதவாது. அதற்கென்றே பிரத்தியேகமான சில்லு ஒன்று செய்தால் செயலிக்குச் சிரமமே இல்லை. டிவோவின் அற்பச் செயலி சமாளித்த ரகசியம் அத்தகைய சில்லுதான். பயர்வயர் கம்பியில் இணையும் ஐடிவி 200 என்ற கருவி அதே சில்லு முறையை மேக் கணினிக்குக் கொண்டுவந்தது. மணிக்கு ஏறத்தாழ 2 கிகாபைட் என்று கொண்டால் மேக் மினியின் தட்டில் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாத நிகழ்ச்சிகள் அடங்கும்.

டிஜிட்டல் ஒளிபரப்பில் நிலைமை தலைகீழாகிறது. அமெரிக்காவின் உயர்தெளிவு ஒளிபரப்பு, நிலையத்திலிருந்து புறப்படும்போதே சுருக்கப்பட்டு, நொடிக்கு 19.39 மெகாபிட் என்ற உச்ச அளவில் வருகிறது. அதனைப் பதிவு செய்வதென்றால் வருவதை வந்தபடியே தட்டில் கொட்டுவதுதான். மிக எளிய கணினியும் அதைச் செய்யும். கடினம் எல்லாம் திரும்ப விரித்துக் காட்டுவதில் இருக்கிறது, அங்கேதான் ஜி4 செயலி திணறியது. மணிக்கு 8.7 கிகாபைட் வரை பிடிக்கும் இக்காட்சிக்கு 40 கிகாபைட் தட்டு ஐந்து மணி நேரத்துக்கும் போதாது. கேபிள் வைத்திருந்தவர்களுக்கு மற்றொரு மார்க்கமும் இருந்தது. உயர்தெளிவு செட்டாப் பெட்டி கேட்பவர்க்கு, இயங்கும் பயர்வயர் துளையுடன் தரவேண்டும் என்று அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் 2004 ஏப்ரல் முதல் கேபிள் நிறுவனங்களுக்கு விதித்திருந்ததால், பூட்டிடப்படாத அலைவரிசைகளை அத்துளை வழியே மேக் கணினியில் நேரடியாக இறக்கிக்கொள்ள முடிந்தது.

ஊகமும் அதன் நியாயமும்

இவ்வளவு பின்னணியோடு பார்த்தால் 2005 ஜனவரியில் எழுந்த ஊகம் வீண்கற்பனை அன்று என்பது புலனாகும். டிவிடித் தட்டை உள்வாங்கும் முன்வாயில், புதிய தொலைக்காட்சிகளோடு நேரே இணையும் டிவிஐ துளை, பழைய தொலைக்காட்சிகளுக்குத் தனியே விற்கப்பட்ட இணைப்பி, படுக்கையறைக்கும் ஏற்ற அமைதி, எல்லாவற்றுக்கும் மேலாக மேக் கணினிக்கு ஆப்பிள் அதுவரை கேட்டிராத தாழ்ந்த விலை ஆகிய யாவும் ஒரே திசையைச் சுட்டின. மினியின் அளவிலேயே, அதன் அடியில் அடுக்கும்படி வெளி வன்தட்டுகளைச் சில நிறுவனத்தார் அவ்வாண்டிலேயே விற்கலாயினர். அதே வடிவில் ட்யூனர் அடுக்கு ஒன்றும் வரும் என்று பலர் எதிர்பார்த்தனர்.

இல்லாதவை என்னவெனில், ட்யூனர் இல்லை. அகச்சிவப்புக் கதிரை வாங்கும் கண் இல்லை, அதனால் ரிமோட்டும் இல்லை. ஒலியை உள்வாங்கும் துளையும் இல்லை. பெட்டியைத் திறப்பதற்கே சுவருக்குப் பட்டி பூசும் தகட்டை ஓரத்தில் செருகி நெம்ப வேண்டியிருந்ததால், உள்ளே அட்டை பொருத்தும் யோசனைக்கும் இடமில்லை. சட்டமும் அவ்வேளையில் நிச்சயமற்றிருந்தது: ஒளிபரப்புக் கொடி எனப்படும் நகல் தடைக் குறியை, 2005 ஜூலை முதல் தேதிக்குப் பின் செய்யப்படும் ஒவ்வொரு டிஜிட்டல் ட்யூனரும் மதிக்க வேண்டும் என்று ஆணையம் விதித்திருந்தது. அதற்கு அவ்வதிகாரம் இல்லை என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டு மே 6ஆம் நாள் அவ்விதியைத் தள்ளிற்று. அது மிகச் சரியான தீர்ப்பு.

எனினும் ட்யூனர் வராமைக்குச் சட்டத்தையோ தொழில் நுட்பத்தையோ காரணம் கூறுவது பொருந்தாது. தொலைக்காட்சி மூளையை ஓய்வாக வைத்துப் பார்ப்பது, கணினி மூளையைச் செலுத்திப் பயன்படுத்துவது என்ற கருத்தை ஸ்டீவ் ஜாப்ஸ் முன்னரே வெளியிட்டிருந்தார். ஆனால், 2005 அக்டோபர் 12ஆம் நாள் அதே நிறுவனம் தொலைக்காட்சித் தொடர்களைப் பகுதிக்கு 1.99 டாலர் வீதம் விற்கத் தொடங்கியது. இலவசமாகப் பதிவாகும் நிகழ்ச்சியைப் பலர் விலை கொடுத்து வாங்கார். ஆகவே பதிவைத் தவிர்த்தது வியாபார நோக்கத்தாலேயே என்று கொள்வதுதான் முறை. 2006 பிப்ரவரி 28ஆம் நாள் இன்டெல் செயலியுடன் வந்த மேக் மினியில் அகச்சிவப்புக் கண்ணும், ரிமோட்டும், பிரண்ட் ரோ என்ற வரவேற்பறை மென்பொருளும், ஒளியிழை ஒலித்துளையும் ஒருங்கே அமைந்தன. ஊகித்தவர்கள் கேட்ட அனைத்தும் வந்துவிட்டன, ட்யூனர் ஒன்றைத் தவிர. அடுத்த ஆண்டு மார்ச்சில் விற்பனைக்கு வந்த ஆப்பிள் டிவி பெட்டிக்கு 40 கிகாபைட் வன்தட்டு இருந்தும் பதிவு செய்யும் ஆற்றல் தரப்படவில்லை. ஊகத்தை மெய்ப்பித்தவர்கள் ஆப்பிள் நிறுவனத்தார் அல்லர். எல்காட்டோ கருவியை வாங்கித் தம் கையால் இணைத்துக்கொண்ட வீட்டாரே.

பிற்கால நிலை

2010இல் மேக் மினிக்கு எச்டிஎம்ஐ துளை வந்தது. 2011இல் டிவிடி இயக்கியும் பிரண்ட் ரோவும் நீங்கின. ஐடிவி 2016இல் ஜெனியாடெக் நிறுவனத்துக்குக் கைமாறியது. 2024இல் வந்த மேக் மினி 12.7 செ.மீ. சதுரமாகச் சிறுத்துள்ளது, வீட்டு வலையில் இணையும் ட்யூனரையும் பிளெக்ஸ் போன்ற மென்பொருளையும் கொண்டு இன்றும் சிலர் அதில் பதிவு செய்து வருகின்றனர்.