ஜோஹராவின் வளையல்கள்

உச்சிப்புளிப் பக்கத்தில் எங்களுக்கு விமானச் சத்தம் புதிதல்ல. அங்கே கடற்படையின் வானூர்தித் தளம் இருக்கிறது. 2009இல் அதற்கு 'ஐ.என்.எஸ். பருந்து' என்று பெயர் வைத்தார்கள். கருவாடு காயவைக்கும் பெண்கள் அண்ணாந்து பார்ப்பதுகூட இல்லை.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இருக்கும் எஞ்சினைப் படிக்க இந்தக் கரையிலிருந்து போனவர்களில் ஊரறிந்தவர் ராமேஸ்வரம் அப்துல் கலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தபோது சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அப்பாவிடம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். 1999இல் வந்த தன் வரலாற்று நூலில் கலாமே இதைச் சொல்கிறார். ஆனாலும் வகுப்பில் கேட்டால், அவர் பேப்பர் போட்ட கதை எல்லோருக்கும் தெரிகிறது. வளையல் கதை ஓரிருவருக்குத்தான்.

அந்த நகை எதை வாங்கித் தந்தது? படிப்பின் தொடர்ச்சியாகப் பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் பயிற்சி. பிஸ்டன், டர்பைன் எஞ்சின்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் இடத்தில் புரொப்பெல்லரின் இறக்கைக் கோணத்தை அடக்கியாளும் நுட்பத்தைக் கண்டு அவர் வியந்திருக்கிறார். வேகம் அளவு மீறினால் கவர்னருக்குள் சுழலும் சிறு எடைகள் விரியும். எண்ணெயின் வழி மாறும். இறக்கைகள் திரும்பி அதிகக் காற்றை வெட்டும். சுமை கூடி வேகம் தணியும். நடுவானில் எஞ்சின் நின்றுபோனால், நீரில் துடுப்பை விளிம்பாகத் திருப்புவதுபோல் இறக்கைகளைத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் காற்றே விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும்.

இன்றைய ஜெட் எஞ்சினில் இதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. எரிபொருளை இவ்வளவு கூட்டினால் சுழலி எவ்வளவு நேரத்தில் எவ்வளவு வேகமெடுக்கும் என்று முன்கூட்டியே சமன்பாடுகளாக எழுதிவைக்கிறார்கள். சட்டென்று கூட்டினால் கம்ப்ரெசரில் காற்றோட்டம் குலையும். சட்டென்று குறைத்தால் தீ அணைந்துபோகும்.

இந்தத் துறையில் பெண்ணின் பங்கு அடகு நகையோடு முடிந்துவிடவில்லை. இங்கிலாந்தில் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில், ஸ்பிட்ஃபயர் விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தினால் அதன் மெர்லின் எஞ்சின் திணறி நின்றுவிடும். முதலில் எரிபொருள் வராது, பிறகு வெள்ளமாய்ப் பாயும். 1941இல் ஷில்லிங் சிறு துளையிட்ட ஓர் உலோகத் துண்டால் அந்த வெள்ளத்தை அளவாக்கினார். விமானிகள் அதற்கு வைத்த இரட்டை அர்த்தப் பட்டப்பெயரை எழுத எனக்கு மனமில்லை.

ஷில்லிங் பெயராவது கருவியோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் கரையில் பெண்ணுக்குச் சொத்து என்றால் பெரும்பாலும் கழுத்திலும் கையிலும் கிடப்பதுதான். அது வீட்டு ஆண்பிள்ளையின் படிப்பாக மாறும்போது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

என்னிடம் தமிழ் படிக்கும் பாம்பன் மாணவி ஒருத்திக்குப் பள்ளி நாளில் விமானப் பொறியியல் ஆசை இருந்ததாம். ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அண்ணன் படிப்புக்கு வச்ச நகையே இன்னும் மீளலை மேம்."

"யாரோட நகைம்மா?"

"என்னோடதுதான்."