மகர்நோன்புக் காசு

காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்று ஒரு திடல் இருக்கிறது. செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் ஆயிரம் ஜன்னல் வீட்டைப் பார்ப்பார்கள், ஆத்தங்குடிக் கல் விலை விசாரிப்பார்கள், உப்புக்கறி ஒரு பிடி பிடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். பொட்டலை யார் பார்க்கப் போகிறார்கள்? பார்க்க அங்கே மண்ணைத் தவிர என்ன இருக்கிறது?

ஆனால் அந்தப் பெயரில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நம் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் பாட்டும் ஆட்டமும் எப்படி இருந்தன, எப்படிக் காணாமல் போயின என்கிற கணக்கு. பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு எங்கே, செலவு எங்கே என்றுதான் புத்தி போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவராத்திரி முடிந்து விஜயதசமியன்று சாமி பொட்டலுக்கு எழுந்தருளி அம்பு போடுவது தெற்குச் சீமை வழக்கம். அதற்குப் பெயர்தான் மகர்நோன்பு. மகாநோன்பு என்பதன் பேச்சு வழக்கு என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அது இன்னும் தேய்ந்து ‘மானம்பு’ ஆகிவிட்டது. இது சாமிக்கு மட்டுமான விழா என்று நினைத்துவிடாதீர்கள். வாத்தியார்களுக்கும் அன்றைக்குத்தான் விழா.

திண்ணைப் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மணலைப் பரப்பி விரலால் ‘அ’னா, ‘ஆ’வன்னா. பிறகு ஏடு. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. கணக்குக்கு எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று. எல்லாம் ராகம் போட்டு, கூட்டமாக, தெருவுக்கே கேட்கும்படி! செட்டிநாட்டுப் பையனுக்கு இது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்கோ மலாயாவுக்கோ கப்பலேறி, கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார வேண்டும். வட்டிக் கணக்கு நாக்கு நுனியில் நிற்க வேண்டாமா? ராகம்தான் அதை நிறுத்திவைத்தது.

உ.வே.சாமிநாதையர் தொடங்கிப் பலரும் தங்கள் திண்ணைப் பள்ளி நாட்களை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து நவராத்திரியில் வாத்தியாருக்குத் திண்ணையில் வேலை இல்லை, தெருவில்தான் வேலை. பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்து, கோலாட்டம் பழக்கி, நல்ல துணி உடுத்தி வரிசையாக வீடு வீடாக அழைத்துப் போவார். வாசலில் பிள்ளைகள் கழியடித்து ஆடுவார்கள். வீட்டுக்காரர்கள் மகிழ்ந்துபோய் வாத்தியாருக்குக் காசு கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குப் பொரிகடலை.

அந்தக் காசு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறார். சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ! அவர் 1822-ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களை எண்ணச் சொன்னார். மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று விவரம் வந்தது. 1826-ல் அதைப் பற்றி எழுதும்போது, வாத்தியார் ஒருவருக்குப் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் தேறுவதில்லை, தகுதியான ஆள் இந்தத் தொழிலுக்கு வர அது போதாது என்று வருத்தப்பட்டார். வரும்படி அவ்வளவுதான் என்றால், வருஷத்துக்கு ஒருமுறை வரும் கோலாட்டக் காசு என்பது போனஸ் மாதிரி. பிள்ளைகள் எவ்வளவு நன்றாக ஆடினார்களோ அவ்வளவு கை நிறையும். வாத்தியார் பழக்காமல் விடுவாரா?

உடனே ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பெரும்பாலான திண்ணைகளில் தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இடமில்லை. பெண் பிள்ளைகள் அபூர்வம். அடியோ பேயடி, கோதண்டம் போட்டுத் தொங்கவிடுகிற தண்டனைகூட உண்டு. கோலாட்டமும் கோதண்டமும் ஒரே திண்ணையில்தான்.

மன்றோவுக்கு முன்பே ஒரு பாதிரியார் இந்தத் திண்ணையிலிருந்து ஒரு சரக்கைச் சீமைக்கு ஏற்றுமதி செய்துவிட்டார். பெயர் ஆண்ட்ரூ பெல். எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789-லிருந்து நடத்தியவர். உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் தன் பள்ளியில் நடத்திப் பார்த்தார். ‘அட, செலவே இல்லாத பள்ளிக்கூடம்!’ 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டுவிட்டார். அங்கே ‘மெட்ராஸ் முறை’ என்று சக்கைப் போடு போட்டது. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறின. கோலாட்டக் கழி ஏறவில்லை. அதில் அவருக்கு என்ன சிக்கனம்?

சீமையில் நடந்த இன்னொரு விஷயம்தான் நம் வாத்தியாரின் கழியை உண்மையில் பறித்தது. 1862-ல் இங்கிலாந்தில் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளைப் பரீட்சை செய்வார். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறிய தலைகளை எண்ணி மானியம்! அதே 1860-களில் சென்னை மாகாணத்துக்கும் ‘ரிசல்ட் பார்த்து மானியம்’ வந்துசேர்ந்தது. திண்ணை வாத்தியார்களும் மெல்ல மெல்ல அந்த வலைக்குள் வந்தார்கள்.

இப்போது வாத்தியார் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து யோசியுங்கள். முன்பு காசு தெருவிலிருந்து வந்தது, தெரு கேட்டது ஆட்டமும் பாட்டும். இப்போது காசு சர்க்காரிடமிருந்து வருகிறது, சர்க்கார் முக்கியமாகக் கேட்பது மூன்று பாடம். எதற்கு நேரம் ஒதுக்குவீர்கள்? யாரும் கோலாட்டத்தைத் தடை செய்யவில்லை. அது வரவுப் பக்கத்திலிருந்து செலவுப் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கலைக்குக் கொடுக்க ஆளில்லாத சீமையா இது? கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறக்கவும் அவரே முன்நின்றார். கல்லூரியில் பாட்டு ஏறிவிட்டது. ஒண்ணாங் கிளாஸில்?

அங்கே பாட்டைக் கொண்டுபோனவர் ஒரு பேங்க் ஊழியர். இராயவரம் அழ. வள்ளியப்பா. ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும் அசல் செட்டிநாடு. 1922-ல் பிறந்தவர். இந்தியன் வங்கியில் பேரேடு பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினார். கை தட்டிப் பாடத் தோதான சின்னச் சின்ன வரிகள். பாட்டு வாத்தியார் இல்லாத ஆரம்பப் பள்ளியில் அந்தப் பாட்டே பாட்டு வாத்தியார். வட்டிக் கணக்கு ஊரிலிருந்து வந்தவர் செய்த காரியம் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

சட்டம் என்ன செய்தது? 2009-ல் இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதன் கடைசியில் ஓர் அட்டவணை, எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியம் முதலான கலைக்கும், உடற்கல்விக்கும், கைத்தொழிலுக்கும் பகுதிநேர ஆசிரியர் உண்டு. ஒன்று முதல் ஐந்து வரை? தலைக்கு இத்தனை ஆசிரியர் என்ற கணக்குதான் இருக்கிறது. கலை ஆசிரியர் என்ற பேச்சே இல்லை. கிரேயானைக் கண்டால் சுவரையே நிரப்பிவிடுகிற வயசு எது? ஐந்து, ஆறு வயசா, பன்னிரண்டா? அட்டவணை போட்டவர்கள் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது.

அந்த அட்டவணையை ஒட்டி 2012-ல் தமிழக அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஆரம்பச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பிற்பாடு படிப்படியாக உயர்ந்தது. மன்றோ எழுதிய ஆறேழு ரூபாய் உங்களுக்கும் ஞாபகம் வருகிறதா? இவர்களும் ஆறு முதல் எட்டு வரைக்கும்தான். சின்ன வகுப்புகளுக்கு 2022-ல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாட்டுக்கும் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் இடம் வைத்தார்கள். அரசுப் பள்ளிகளுக்கான கலைத் திருவிழாவும் அதே 2022-ல் ஆரம்பமானது, முதலில் ஆறாம் வகுப்பிலிருந்து. 2024-ல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் மேடையேற்றினார்கள். நல்ல காரியம்தான். பிள்ளைகளுக்கு நடனமும் மாறுவேடமும் பழக்கியது யார்? தமிழும் கணக்கும் நடத்துகிற அதே டீச்சர், பாடம் போக மிஞ்சிய நேரத்தில்.

விஜயதசமியன்று இப்போதும் அரசு ஆரம்பப் பள்ளிகளைத் திறந்துவைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். லீவு நாளாக இருந்தும் டீச்சர் வந்து உட்கார்ந்திருப்பார். தாம்பாளத்தில் பச்சரிசி, பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பார்கள். அடுத்த தடவை காரைக்குடிப் பக்கம் போனால், எண்பதைத் தாண்டிய ஆச்சி யாரையாவது பார்த்து, மகர்நோன்புக்குப் பிள்ளைகள் வாசலில் வந்து கழியடித்து ஆடியதைப் பார்த்ததுண்டா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வரியாவது பாடிக் காட்டினால், குறித்துக்கொண்டு வாருங்கள்.