பெண்கள் பந்தயத்தின் எல்லைக்கோடு

புது தில்லியில் இந்தியா கேட்டைக் கடந்து கிழக்கே சென்றால் தேசிய விளையாட்டரங்கம் தென்படும். முதலாவது ஆசிய விளையாட்டு விழா 1951ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கேதான் நடைபெற்றது. 11 நாடுகள் கலந்துகொண்ட அவ்விழாவில் ரோஷன் மிஸ்திரி என்னும் இந்தியப் பெண்மணி 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1982இல் அவ்விழா மீண்டும் தலைநகருக்கு வந்தபோது, ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கில் பி. டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றார், எம். டி. வல்சம்மா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றார். அலுவல் நிமித்தமாகத் தில்லியில் குடியேறிய நம்மவர்க்கும், அவர்தம் பெண்மக்களுக்கும் அந்நாட்கள் மறக்கவொண்ணாத நாட்கள்.

பெண்களின் வெற்றியைக் கொண்டாடுகிறோம். ஆனால், பெண்களுக்கெனத் தனிப் பந்தயம் ஏன் வேண்டும், அப்பந்தயத்தின் எல்லைக்கோட்டை வரைபவர் யார், எவ்வாறு வரைகின்றனர் என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. இக்கேள்விகள் உலகெங்கும் இன்று சூடாக வாதிக்கப்படுகின்றன. அவற்றால் பெருந்துயருற்றவர்களுள் ஒருவர் நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண் ஆதலால், இவ்வரலாற்றை நாம் அறிந்திருத்தல் நன்று.

தனிப் பந்தயம் வேண்டுவதன் காரணத்தை 800 மீட்டர் ஓட்டமே விளக்கும். ஆடவரில் கென்ய நாட்டு டேவிட் ருடிஷா 2012இல் நிறுவிய உலக சாதனை 1 நிமிடம் 40.91 விநாடி. பெண்களில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டு யார்மிலா கிராடோக்விலோவா 1983இல் நிறுவிய சாதனை 1 நிமிடம் 53.28 விநாடி. இவ்விருவரும் ஒரே பாதையில் ஓடியதாகக் கொண்டால், ருடிஷா முடிவுக்கோட்டைத் தொடும் வேளையில் அப்பெண்மணிக்கு ஏறத்தாழ 87 மீட்டர் எஞ்சியிருக்கும். உழைப்பிலோ உறுதியிலோ பெண் குறைந்தவள் என்பது இதன் பொருளன்று. ஆண்மகன் பருவமெய்தும்போது டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் உடலில் பெருகி, தசையையும் எலும்பையும் குருதியின் ஆற்றலையும் வளர்ப்பதே இவ்வேறுபாட்டின் தலையாய காரணம். இருபாலரையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பெண்களின் பெயர் பதக்கப் பட்டியலில் இடம்பெறாது. ஆகவே எல்லைக்கோடு ஒன்று வேண்டும் என்பதை எளிதில் மறுத்தற்கில்லை.

எனினும் அக்கோட்டை வரைந்தோர் எக்காலத்தும் நடுநிலையுடன் நடந்தனர் என்று சொல்வதற்கில்லை. 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்தவர்கள் களைத்து விழுந்தனர் எனக் கூக்குரல் எழுந்தது. களைப்பு ஆடவர்க்கும் உண்டு என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. அவ்வோட்டம் பெண்களுக்கு ஆகாதென நீக்கப்பட்டு, 1960இல் ரோம் நகரிலேதான் மீண்டும் இடம்பெற்றது. பெண்ணைக் காப்பதாகச் சொல்லிப் பெண்ணையே விலக்கிய விதி அது.

அடுத்து வந்தது பரிசோதனை. பெண் வேடத்தில் ஆடவர் புகுந்துவிடக்கூடும் என்ற ஐயத்தால், 1966இல் புடாபெஸ்ட் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டிகளில் வீராங்கனைகள் மருத்துவர் முன்னே உடலைக் காட்ட வேண்டியிருந்தது. இம்முறைக்கு எதிர்ப்புக் கிளம்பவே, 1968 மெக்சிகோ ஒலிம்பிக் முதல் குரோமோசோம் சோதனை வந்தது. அறிவியல் முறை, ஆதலால் தவறாது என்று நம்பினர். ஆனால் இயற்கையோ, மனிதன் வகுத்த இரண்டு பெட்டிகளுள் எல்லோரையும் ஒழுங்காக அடுக்கி வைப்பதில்லை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, தன் உடலின் உள்ளமைப்பில் வேறுபாடு உண்டென்பதை அறியாமலே வாழ்வோர் சிலர் உளர். போலந்து நாட்டு எவா குளோபுகோவ்ஸ்கா 1966இல் மருத்துவர் கண்ணுக்குப் பெண். 1967இல் குரோமோசோம் சோதனைக்குப் பெண்ணல்லர்! அவருடைய சாதனைகள் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்டன.

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோவின் கதையும் அத்தகையதே. 1985இல் கோபே நகரில் அவர் சோதனையில் தவறினார். செய்தி வெளியாகிப் பட்டங்களையும் உதவித் தொகையையும் இழந்தார். அவருடைய உடல் டெஸ்டோஸ்டிரோனைச் சிறிதும் பயன்படுத்திக்கொள்ள இயலாத உடல். ஆகவே அதனால் அவருக்கு யாதொரு நன்மையும் விளைந்ததில்லை. இதனை எடுத்துக்காட்டி வாதாடி 1988இல் ஓடும் உரிமையை மீட்டார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சோதிக்கப்பட்ட 3,387 பெண்களுள் 8 பேர் தவறினர். எண்மரும் பின்னர்ப் போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். முப்பது ஆண்டுச் சோதனையில் பெண் வேடமிட்ட ஆடவர் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் ஏதுமறியாப் பெண்களே. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிற்கு முன் எல்லோரையும் சோதிக்கும் முறை கைவிடப்பட்டது. ஆனால் ஐயம் எழுந்தால் ஒருவரைத் தனியே அழைத்துச் சோதிக்கும் அதிகாரம் மட்டும் எஞ்சி நின்றது.

அந்த எஞ்சிய அதிகாரமே நம் சாந்தி சௌந்தரராஜனைப் பற்றிக்கொண்டது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கற்சூளையில் உழைத்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். 2005இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி பெற்றார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டு விழாவிலும் அதே ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பந்தயம் முடிந்தபின் அவர் பாலினச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். சில நாட்களில், அவர் சோதனையில் தேறவில்லை என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது. தம் உடலைப் பற்றித் தமக்கே தெரியாத ஒன்றை, அவரும் அவருடைய பெற்றோரும் ஊராரும் ஒருங்கே கேட்டறிய நேர்ந்தது. அறிக்கையை அமைதியாக அவரிடம் விளக்கிச் சொல்வாரும் இல்லை. மேல்முறையீட்டுக்கு வழிகாட்டுவாரும் இல்லை.

அந்நாளில் தமிழ்நாட்டு முதலமைச்சராக இருந்த மு. கருணாநிதி, மாநில அரசு அறிவித்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசை அவருக்கு வழங்கினார். சாந்தி அப்பணத்தைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். எனினும் வறுமை அவரை விடவில்லை. 2012இல் அவர் மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்வதை நாளேடுகள் வெளியிட்டன. பின்னர் அவர் பயிற்சியாளர்க்குரிய பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகப் பணியேற்றார்.

எட்டாண்டுகள் சென்றன. 2014இல் ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் துதி சந்த், 18 வயதில், அதே வாயிலில் நின்றார். இம்முறை குரோமோசோமுக்குப் பதிலாக ஹார்மோன் அளவு விதியாகியிருந்தது. சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 2011இல் வகுத்த விதிப்படி, ஒரு லிட்டர் குருதியில் டெஸ்டோஸ்டிரோன் 10 நானோமோல் அளவை எட்டினால் அப்பெண் பெண்கள் பந்தயத்தில் ஓடலாகாது. ஓட வேண்டுமாயின் மருந்தாலோ அறுவையாலோ அதனைக் குறைத்தல் வேண்டும். கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குப் புறப்படும் தறுவாயில் துதி சந்த் நீக்கப்பட்டார்.

ஆனால் 2006க்கும் 2014க்கும் இடையே தில்லி ஒரு பாடம் கற்றிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம், திருநங்கையர் திருநம்பியர் ஆகியோரின் பாலின அடையாளத்தை அரசு ஏற்றல் வேண்டுமெனத் தீர்ப்பளித்திருந்தது. அது விளையாட்டைப் பற்றிய தீர்ப்பன்று. ஆயினும் பாலினத்தைப் பற்றிப் பேசுங்கால் மனிதனின் மானத்தை மறவாதே என்று அது நினைவூட்டிற்று. தில்லியில் தலைமையகம் கொண்ட இந்திய விளையாட்டு ஆணையம் துதி சந்தின் மேல்முறையீட்டுக்குத் துணைநின்றது. சுவிட்சர்லாந்தில் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அவ்விதியை நிறுத்தி வைத்தது. இயற்கையாகவே மிகுந்த டெஸ்டோஸ்டிரோன் உள்ள பெண்களுக்கு, ஆடவர் பெறுவதை ஒத்த பெரும் நன்மை கிட்டுகிறது என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என்பது அம்மன்றத்தின் முடிவு. துதி சந்த் 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இரண்டு வெள்ளி வென்றார். சாந்திக்குக் கிட்டாத விசாரணை துதி சந்துக்குக் கிட்டிற்று; இருவருக்குமிடையே உள்ள வேறுபாடு அதுவே.

வழக்கு அத்துடன் ஓயவில்லை. 2018இல் புதிய விதி வந்தது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையுள்ள ஓட்டங்களுக்கு வரம்பு 5 நானோமோலாகக் குறைந்தது. தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமெனியா அதனை எதிர்த்து வழக்காடி, 2019இல் தோற்றார். விதி பாகுபாடு காட்டுவதே எனினும், பெண்கள் பந்தயத்தைக் காக்க அது தேவையானது என்று நடுவருள் பெரும்பான்மையோர் கருதினர். அவ்வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. விதி சரியா தவறா என்று அந்நீதிமன்றம் கூறவில்லை. சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் செமெனியாவுக்கு முறையான விசாரணை கிட்டவில்லை என்று மட்டும் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாக்குதல் கடமை. சாந்தியும் துதி சந்தும் திருநங்கையர் அல்லர். பிறந்த நாள்தொட்டுப் பெண்களாகவே வளர்ந்தவர்கள். திருநங்கையர் பெண்கள் போட்டியில் கலந்துகொள்வது வேறொரு கேள்வி. சர்வதேச ஒலிம்பிக் குழு 2004இல் அறுவை சிகிச்சை முதலிய நிபந்தனைகளுடன் அவர்களுக்கு இடமளித்தது. 2021இல் டோக்கியோவில் நியூசிலாந்தின் லாரல் ஹப்பர்ட் பெண்கள் பளுதூக்கும் போட்டியில் பங்கேற்றார். எடுத்த முயற்சி மூன்றும் கைகூடாமல் வெளியேறினார். அதன்பின் காற்று திசை மாறிற்று. 2022இல் நீச்சல் சம்மேளனமும், 2023 மார்ச்சில் தடகளச் சம்மேளனமும், அவ்வாண்டு நவம்பரில் கிரிக்கெட் கவுன்சிலும், ஆண் பருவ வளர்ச்சியைக் கடந்த திருநங்கையர் சர்வதேசப் பெண்கள் போட்டிகளில் கலந்துகொள்வதைத் தடுத்தன. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கு ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயமாயிற்று. வாயிலின் வழியே வெளியேறிய சோதனை சாளரத்தின் வழியே திரும்பி வந்தது எனலாம்.

இருதரப்பு வாதங்களிலும் வலுவுண்டு. ஹார்மோனைக் குறைத்தால் குருதியின் ஆற்றல் சில மாதங்களில் பெண்களின் அளவுக்குத் தாழ்கிறது. ஆனால் தசைவலிமை ஓராண்டிலும் சிறிதளவே குறைகிறது. வளர்ந்த உயரமும் எலும்பும் குறைவதே இல்லை. இளமை முழுவதையும் பயிற்சிக்கு ஈந்த ஒரு பெண், இந்நிலையில் தனக்கு நியாயம் எங்கே என்று கேட்டால், அவளைக் குறுகிய மனத்தினள் என்று ஏசுதல் முறையன்று. மறுபுறம், இவ்வாராய்ச்சிகளுட் பெரும்பாலானவை விளையாட்டு வீரரல்லாதாரைக் கொண்டு நடத்தப்பட்டவை. வீட்டிலும் தெருவிலும் ஒதுக்கப்பட்ட திருநங்கையர்க்கு மைதானத்தையும் அடைத்துவிட்டால் அவர்கள் எங்கே செல்வர்? கேரளம் 2017இல் அவர்களுக்கெனத் தனி விளையாட்டு விழா நடத்திற்று. அதுவும் ஒரு விடையே, முழு விடையன்று. உலகப் பதக்கத்துக்கான பந்தயத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளின் ஆண்டு விழா ஓட்டத்துக்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்பதுமில்லை.

எல்லைக்கோடு எங்கே அமைய வேண்டும் என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிடுவர். புதிய சான்றுகள் வரவர அது நகரவும் கூடும். ஆனால் கோடு எங்கே இருப்பினும் மாறலாகாத சில உண்டென இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. விதி பந்தயத்துக்கு முன்பே தெரிந்திருத்தல் வேண்டும். சோதிக்கப்படுபவர் எதற்காகச் சோதிக்கப்படுகிறார் என்பதைத் தம் மொழியில் கேட்டறிதல் வேண்டும். முடிவு முதலில் அவர் செவிக்கே எட்டுதல் வேண்டும். ஊர் அறியத் தேவையில்லை. எதிர்த்து முறையிட வழி வேண்டும். எதையும் ஏமாற்றிப் பெறாதவரைக் குற்றவாளிபோல் நடத்தலாகாது. இவை யாவும் எவருடைய பதக்க வாய்ப்பையும் குறைப்பன அல்ல. ஆயினும் 2006இல் இவற்றுள் ஒன்றேனும் சாந்திக்குக் கிட்டவில்லை.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். மொழி பழகாத அலுவலகத்தில், பொருள் தெரியாத தாளில் கையொப்பமிட்டு, முடிவுக்காக வாயிலில் காத்து நின்ற அனுபவம் நம்முள் பலருக்கும் உண்டு. முடிவு பாதகமாக வந்ததைக் காட்டிலும், அதன் காரணத்தை ஒருவரும் நமக்குச் சொல்லாததே நம்மை வருத்தியது. தில்லித் தமிழ்ப் பள்ளிகளின் மைதானங்களில் இன்று நம் பெண்கள் ஓடுகின்றனர். அவர்களுக்கு ஓட்டத்தில் நியாயம் வேண்டும். ஓட்டம் முடிந்தபின் அவர்களை அழைத்துக் கேள்வி கேட்போரிடத்தும் நியாயம் வேண்டும்.