பிரமிடு செட்

ஒரே பயிற்சியில் செட்டுக்குச் செட்டு எடையை ஏற்றி, தூக்கும் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போகும் முறை பிரமிடு செட். பென்ச் பிரஸில் 40 கிலோவை 12 முறை தூக்கியவர், அடுத்து 50 கிலோவை 10 முறையும் 60 கிலோவை 8 முறையும் தூக்குவார். கனத்தில் தொடங்கி எடையை இறக்கி வந்தால் அது தலைகீழ்ப் பிரமிடு.

எடையைக் கூட்டிக் குறைக்க வழியில்லாத இடத்தில் இந்த முறைக்கு வேலையில்லை. எடுத்துக்காட்டாக, மைசூரில் மல்யுத்த வீரர்கள் பழகிய கரடிமனைகளில் செம்மண் கோதாவும் கர்லாக்கட்டையும் கதையும் இருந்தன. ஒரு கதையின் எடை ஒன்றுதான். பயில்வானுக்கு வலு கூடினால் தண்டாலும் பஸ்கியும் எண்ணிக்கையில் ஏறும். எடையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய பார்பெல் பயிற்சியை மைசூர் அரசில் பரப்பியவர்களில் முக்கியமானவர் பெங்களூரின் கே. வி. அய்யர். ‘மசில் கல்ட்’ என்ற நூலை 1930இல் எழுதிய அவர், பார்பெல்லோடு சூரிய நமஸ்காரத்தையும் கற்பித்தார். அவருடைய மாணவர் அனந்த ராவ் 1930களில் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உடற்பயிற்சி வகுப்பு நடத்தினார்.

செட்டுக்குச் செட்டு எடை கூடும் ஏறுவரிசைக்குக் கணக்கு வகுத்தது ஜிம் அல்ல, மருத்துவமனை. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்குச் சிகிச்சையளித்த அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், நோயாளிகளைக் கனமான எடை தூக்கவைத்து, அதன் பலனை 1945இல் வெளியிட்டார். அப்போது ஒரு வேளைக்கு 70 முதல் 100 தடவை தூக்கவேண்டியிருந்தது. அது மிகை என்று கண்டு, 1948இல் சக மருத்துவர் வாட்கின்ஸுடன் சேர்ந்து மூன்று செட்டாகச் சுருக்கினார். ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை 60 கிலோ என்றால், முதலில் 30, பிறகு 45, கடைசியில் 60. ஒவ்வொன்றும் பத்துத் தடவை. எண்ணிக்கை குறையாததால் இது இன்றைய பிரமிடு ஆகாது. எடையேற்றம் மட்டும் அதேதான். கனமான கடைசி செட் வருவதற்குள் தசை களைத்துவிடுகிறது என்று கருதிய ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர் ஜினோவியெஃப், 1951இல் வரிசையைத் திருப்பினார். அது ஆக்ஸ்ஃபோர்டு முறை எனப்பட்டது.

பாடிபில்டர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். தசை பெருக்கப் பிரமிடே சிறந்தது என்ற நம்பிக்கையும் கூடவே வேரூன்றியது. 2017இல் வெளியான பிரேசில் ஆய்வு அதற்கு இடம் தரவில்லை. பயிற்சி பெற்ற 32 ஆண்களிடம் 12 வாரம் சோதித்தபோது, தூக்கிய மொத்தச் சுமை சமமாக இருந்தவரை, பிரமிடும் சாதாரண செட்டும் தொடைத்தசையை ஏறத்தாழ ஒரே அளவுக்கே வளர்த்தன. ஏறுவரிசையின் உண்மையான பயன், மூட்டுகள் படிப்படியாகச் சூடேறுவது. தொடக்கத்தில் எளிதாக முடிந்துவிடும் செட்டுகளைத் தசை வளர்க்கும் கணக்கில் சேர்ப்பதற்கில்லை. தசை ஏறக்குறைய ஓயும்வரை போகும் செட்டுகளுக்கே அதில் இடமுண்டு.