இரத்தவழிச் செல்லும் தூது



சென்ற தவணையில் ஒரு நாள், என் பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் மாணவனொருவன் மதிய போசனத்துக்கு முன் என் அறைக்கு வந்து, தானே தன் வயிற்றில் ஊசி ஏற்றிக்கொள்ளக் கண்டேன். வயது 14. நம் ஊரார் சலரோகம் என வழங்கும் நீரிழிவு அவனைச் சிறு பிராயத்திலேயே பற்றிக்கொண்டது. ஊசியை உறையிலிட்டபின், இம்மருந்தைக் கண்டுபிடித்தவர் யாரென அவன் என்னிடம் வினவினான். யான் கலைப் பட்டதாரி, சரித்திரம் கற்பிப்பவன். ஒரு பெயரைச் சொல்லி அவனை அனுப்பிவிட எண்ணி வாய் திறந்தபோதுதான், அவ்வினாவுக்கு ஒரு பெயர் விடையாகாது என்பது நினைவுக்கு வந்தது. அதன் பயனே இன்றைய பேச்சு.

நமது உடலில் உறுப்புக்களுக்கிடையே செய்தி செல்லும் வழிகள் இரண்டு. நரம்பு ஒன்று, இரத்தம் மற்றொன்று. நரம்புவழிச் செய்தி தந்தியைப் போன்றது; ஓரிடத்திற் புறப்பட்டுக் குறித்த ஓரிடத்தையே கணப்பொழுதில் அடையும். இரத்தவழிச் செய்தியோ ஊரெங்கும் பறையறைவது போன்றது. ஓசை எல்லார் செவியிலும் விழும். எவருக்கு உரியதோ அவரே எழுந்து செல்வர். இப்பறையொலியை ஒத்த பொருள்களே ஓமோன்கள். அவற்றைக் குழாய் எதுவுமின்றி நேரே இரத்தத்திற் கலக்குஞ் சுரப்பிகள் கானில் சுரப்பிகள் எனப்படும். மூளையின் அடியிலே பயறளவிற் கிடக்கும் கபச் சுரப்பி, கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பி, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அதிரினற் சுரப்பிகள் முதலியன இவ்வினத்தன. உடலின் வளர்ச்சியும் வெப்பமும், அச்சம் வந்தவிடத்து நெஞ்சு படபடத்தலும் இவற்றின் ஆட்சிக்கு உட்பட்டவை.

இவ்வுண்மை புலப்படுதற்கு நெடுங்காலம் சென்றது. 1849 இல் ஜெர்மனியின் கெற்றிங்கன் நகரிலே பேர்த்தோல்ட் என்னும் அறிஞர் சேவற் குஞ்சுகளின் விதைகளை அகற்றி, சிலவற்றுக்கு மட்டும் வயிற்றினுள்ளே வேறோர் இடத்தில் விதையைப் பொருத்தினார். பொருத்தப்பெற்றவை கொண்டை வளர்ந்து கூவின, மற்றையவை கூவவில்லை. நரம்புத் தொடர்பு அறுபட்ட விதை இரத்தத்தின் வாயிலாகவே உடலை ஆள்கின்றது என்று அவர் துணிந்தார். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர்.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1902 ஜனவரியில் இலண்டன் நகரப் பல்கலைக் கழகக் கல்லூரியில் மைத்துனர் முறையினரான பேலிஸ், ஸ்ராலிங் இருவரும் மயக்கப்பட்ட நாயொன்றின் சிறுகுடற் பகுதியொன்றிலிருந்து நரம்புகளை முற்றாக நீக்கி, அதனுள் அமிலத்தைச் செலுத்தினர். நரம்பு இல்லாதிருந்தும் சதையி தன் நீரைச் சுரந்தது. பின்னர் அக்குடலின் உட்படையைச் சுரண்டி எடுத்து, அமிலத்தோடும் மணலோடும் அரைத்து வடித்து இரத்தக் குழாயில் ஏற்றினர். சதையி மீண்டுஞ் சுரந்தது. சமிபாடு முழுவதும் நரம்பின் தொழிலே என இரஷ்ய அறிஞர் பவ்லோவ் நிலைநாட்டியிருந்த கொள்கை அன்று அசைந்தது. 1905 இல் ஸ்ராலிங் இத்தகைய பொருள்களைக் குறிக்க, தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியினின்று ஓமோன் என்னும் சொல்லை வழங்கினார்.

இனி நம் மாணவனின் வினாவுக்கு வருவோம். கணையம் எனவும் வழங்கும் சதையி, சமிபாட்டு நீரைக் குடலுக்கு அனுப்புவதோடு நில்லாது வேறொரு தொழிலும் செய்கின்றது. 1869 இல் லாங்கர்கான்ஸ் என்னும் இளம் மாணவர் அதனுள்ளே சிறு தீவுகள் போன்ற கலக் கூட்டங்களைக் கண்டார். அவை எதற்காக உள்ளன என அவர் அறிந்திலர். 1889 இல் மெரிங், மின்கோவ்ஸ்கி இருவரும் ஸ்ராஸ்பேர்க் நகரில் நாயொன்றின் சதையியை அகற்றவே, அந்நாய்க்குக் கடுமையான நீரிழிவு தோன்றிற்று. எனவே இரத்தத்திலுள்ள சர்க்கரையை ஆளும் ஏதோ ஒன்று சதையியிலிருந்து வருகின்றது என்பது தெளிவாயிற்று. உணவின்பின் அப்பொருள் தசைகளுக்குட் சர்க்கரை புக வழிதிறக்கின்றது. எஞ்சியதை ஈரல் சேமித்து வைக்கின்றது. அது இன்றேல், நிறைந்த களஞ்சியத்தின் வாயிலிற் கிடந்தே உடல் பட்டினியால் மெலியும்.

அப்பொருளைப் பிரித்தெடுத்தல் எளிதாய் இருக்கவில்லை. பேர்லினில் சூல்சர் முயன்றார்; அவர்தம் சாறு நோயாளருக்குத் தீங்கும் விளைத்தது. புக்காரெஸ்ற் நகரில் போலெஸ்கு தம் வெற்றியை 1921 இல் வெளியிட்டார். அவர் பெயரை இன்று நினைப்பார் அரியர். இதற்கிடையே வைத்தியர்கள் அறிந்த ஒரே வழி, நோயாளியை அரைப்பட்டினியில் வைத்துச் சில மாதங்களை நீட்டிப்பதாகும்.

கனடாவில் பாண்டிங் என்னும் சத்திரவைத்தியர் 1920 ஒக்ரோபர் இறுதி நாளிரவு ஒரு கட்டுரையை வாசித்து உறக்கமின்றித் தவித்தார். சமிபாட்டு நீர் செல்லும் குழாயைக் கட்டிவிட்டால் அந்நீரைச் சுரக்கும் பகுதி அழிந்து தீவுகள் மட்டும் எஞ்சுமே என்பது அவர் எண்ணம். அவ்விரவு எழுதிய குறிப்பில் நோயின் பெயரையே அவர் எழுத்துப்பிழையோடு எழுதினார் என்பதை வாசித்தபோது, ஆசிரியனாகிய எனக்குச் சற்று நகை வந்தது. ரொறன்ரோப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் மக்கிளவுட் ஆய்வுகூடமும் நாய்களும் தந்தார். பெஸ்ற் என்னும் மாணவர் துணையானார். 1921 கோடையில் நாய்களின் இரத்தச் சர்க்கரை இறங்கிற்று. பின்னாளிற் பார்க்குமிடத்து, குழாயைக் கட்டும் அந்த மூல எண்ணம் தேவையற்றதே. புதிய முழுச் சதையியிலிருந்தே மருந்தை எடுக்கலாம் என அவர்களே கண்டனர்.

1922 ஜனவரி 11 ஆம் நாள், ரொறன்ரோப் பொது வைத்தியசாலையில் எலும்புந் தோலுமாய்க் கிடந்த லெனாட் தொம்சன் என்னும் சிறுவனுக்கு அச்சாறு ஏற்றப்பட்டது. அவனுக்கும் வயது 14. நிறையோ 65 இறாத்தல். சர்க்கரை சிறிதே குறைந்தது, ஊசி ஏற்றிய இடம் சீழ்கொண்டது, சிகிச்சை நிறுத்தப்பட்டது. அப்போது இரசாயன வல்லுநர் கொலிப் இரவுபகலாக முயன்று சாற்றைத் தூய்மையாக்கினார். 23 ஆம் நாள் மீண்டும் ஏற்றவே, சிறுவன் தேறினான். தீவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் மருந்து இன்சுலின் எனப்பட்டது.

ஆய்வுகூடத்தினுள்ளே நிகழ்ந்ததோ அத்துணை இனிதன்று. பாண்டிங்கும் கொலிப்பும் கைகலக்கும் அளவுக்குச் சென்றனர். 1923 இல் நோபெற் பரிசு பாண்டிங்குக்கும் மக்கிளவுட்டுக்கும் கிடைத்தது. பெஸ்ற் விடப்பட்டமை கண்டு சினந்த பாண்டிங் தம் பரிசுப் பணத்திற் பாதியை அவருக்கு ஈந்தார். மக்கிளவுட் தம் பங்கிற் பாதியைக் கொலிப்புக்கு ஈந்தார். மக்கிளவுட்டைப் பிறர் உழைப்பில் வாழ்ந்தவராகச் சித்திரிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அது நியாயமன்று என்பதே என் கருத்து. கொலிப்பை அழைத்தவரும், ஆய்வை ஒழுங்குபடுத்தியவரும் அவரே. ஒரு செய்தி மட்டும் எல்லார்க்கும் பெருமை தருவது: பாண்டிங், பெஸ்ற், கொலிப் மூவரும் மருந்தின் உரிமையை ஆளுக்கொரு டொலருக்குப் பல்கலைக் கழகத்துக்கு விற்றனர்.

1955 இல் இலண்டனுக்கு வடக்கே கேம்பிரிட்ஜில் சாங்கர் என்பார் இன்சுலினின் அமைப்பை முற்றாக வகுத்தார். மாட்டினதும் பன்றியினதும் சதையியை நம்பியிருந்த நிலை மாறி, 1982 முதல் நுண்ணுயிர்கள் ஆக்கும் மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது.

இவற்றையெல்லாம் சுருக்கிச் சொன்னபின், அம்மாணவன் பரிசுகளைப்பற்றி யாதுங் கேட்கவில்லை. லெனாட் அதன்பின் எத்துணைக் காலம் வாழ்ந்தான் என்பதே அவன் கேட்டது. 1935 இல் நியூமோனியாக் காய்ச்சலால் இறந்தான் என உள்ளதைச் சொன்னேன். அவன் முகம் வாடவே, 1922 ஓகஸ்ற் மாதத்தில் 45 இறாத்தல் நிறையோடு பாண்டிங்கிடம் வந்த எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமியின் கதையைச் சேர்த்துரைத்தேன். அவள் படித்துப் பட்டம் பெற்று, மணமுடித்து, மூன்று மக்களைப் பெற்று 1981 வரை வாழ்ந்தாள். பையன் அப்பியாசக் கொப்பியின் பின்புறத்தில் 1981 என எழுதி, அதன் கீழ் 1922 என எழுதிக் கழித்துக்கொண்டிருந்தான். அதற்குள் மணி அடித்துவிட்டது.