லைசென்ஸ் யாருக்கு? துப்பாக்கிச் சட்டமும் விதி 3-உம்

2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வெளியே எடுத்துச் செல்ல வேண்டுமானால், அதற்குத் "தக்க காரணம்" இருப்பதாக அதிகாரியை நம்பவைக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக இருந்த இந்தச் சட்டம் செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் முடிவு செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் கிளாரன்ஸ் தாமஸ். கறுப்பினத்தவர், ஆனால் கடைந்தெடுத்த பழமைவாதி. அவர் அரசியலில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் அதே வழக்கில், நியூயார்க்கில் ஏழைகளுக்காக வாதாடும் கறுப்பின வழக்கறிஞர்களும் அந்தச் சட்டத்தை எதிர்த்து மனு கொடுத்தார்கள். அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் லைசென்ஸ் ஒரு நிறத்துக்கும் சிறை இன்னொரு நிறத்துக்கும் போகிறது என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

அந்த வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அகிம்சையின் அடையாளமாக நாம் படம் மாட்டி வைத்திருக்கும் அதே கிங், அதன்பிறகு துப்பாக்கி எடுத்துச் செல்ல அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். வீட்டில் குண்டு விழுந்ததே போதுமான காரணமாக அதிகாரிக்குத் தெரியவில்லை! பதினோரு ஆண்டுகள் கழித்து, கருஞ்சிறுத்தைகள் சட்டப்படியே துப்பாக்கியோடு தெருவில் இறங்கியபோது, கலிஃபோர்னியா அவசர அவசரமாகச் சட்டத்தை மாற்றியது. துப்பாக்கி அப்படியேதான் இருந்தது, அதைப் பிடித்த கை மாறியதுதான் சிக்கல்.

இதை ஆம்பூரில் உட்கார்ந்து ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஒவ்வொரு சாதிக் கொலைக்குப் பிறகும் நம் இளைஞர்களில் சிலர் "எங்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் கொடு" என்று எழுதுகிறார்கள். மூத்தவர்கள் அதைக் கோபப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கோரிக்கை ஏற்கெனவே இந்திய அரசின் விதிப் புத்தகத்தில் அச்சாகி இருக்கிறது என்பது இரு தரப்புக்குமே பெரும்பாலும் தெரிவதில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 1878-இல் கொண்டுவந்தவர் வைசிராய் லிட்டன். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டு வந்ததுதான். ஐரோப்பியர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு இருந்தது. உள்ளூரிலும் சில கூட்டத்தாருக்கு விலக்கு கொடுத்தார்கள். அதில் ஒன்று இன்றுவரை உயிரோடு இருக்கிறது: பக்கத்துக் கர்நாடகத்தில், குடகு இனத்தாரும் ஜம்மா நிலம் உடையவர்களும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். 2019 அக்டோபரில் ஒன்றிய அரசு இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. இனத்தின் பேரிலும் நிலத்தின் பேரிலும் சலுகையா என்று கேட்ட வழக்கில், 2021 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்றது. அவர்கள் போர் மரபினர் என்பது முக்கியக் காரணம். அதே குடகின் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை செய்யும் நிலமற்ற தலித்துகளும் ஆதிவாசிகளும் இந்த விலக்குக்குள் வர மாட்டார்கள். போர் மரபும் நிலமும் அவர்களிடம் இல்லையே.

போர் மரபு என்ற சொல்லைக் கேட்டால் வேலூர்க்காரர்களான நமக்குச் சிரிப்பு வர வேண்டும். 1806 ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, புதிய தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். தோல் தீட்டு! அந்தத் தோலை உரித்துப் பதப்படுத்திய சாதியினரும் கம்பெனியின் மதராஸ் படையில் சிப்பாய்களாக இருந்தார்கள். பறையர் வீரர்கள் நிறையப் பேர் இருந்த படை அது. பிறகு, 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், வீரம் சில சாதிகளின் ரத்தத்தில்தான் ஓடுகிறது என்று வெள்ளையன் ஒரு கோட்பாடு கண்டுபிடித்தான். மகர்களுக்கும் பறையர்களுக்கும் ராணுவக் கதவு சாத்தப்பட்டது. வடக்கே தோல் தொழில் சாதியின் பெயரிலேயே 1943-இல் சமார் ரெஜிமெண்ட் தொடங்கி, போர் முடிந்ததும் 1946-இல் கலைத்தார்கள். தேவைப்படும்போது மட்டும் வீரம் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1959 ஆயுதச் சட்டம் பழையதைவிட நல்ல சட்டம்தான். அதன் 14-ஆம் பிரிவில் ஒரு வரியை மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்: போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் லைசென்ஸ் மறுக்கக் கூடாது. ஆனால் அதற்கு முந்தைய பிரிவின்படி, விண்ணப்பம் வந்ததும் பக்கத்துக் காவல் நிலைய அதிகாரியிடம் அறிக்கை கேட்க வேண்டும். நம் புகாருக்கு எப்.ஐ.ஆர். போட மறுத்து, மூன்று நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார வைக்கும் அதே அதிகாரியிடம்! "இவருக்கு உயிராபத்து இருக்கிறது" என்று அவர் எழுதினால், தன் எல்லைக்குள் சாதிப் பிரச்சினை இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும். நியூயார்க்கின் "தக்க காரணம்" இங்கே இந்த அறிக்கைக்குள் ஒளிந்திருக்கிறது.

ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமை அல்ல. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சட்டம் அனுமதித்தால் ஒழிய அப்படி ஓர் உரிமை யாருக்கும் கிடையாது என்று அமெரிக்காவோடு ஒப்பிட்டே சொன்னது. அதில் நமக்குச் சண்டை இல்லை. தெருவுக்குத் தெரு துப்பாக்கி முளைத்தால் முதல் குண்டு சேரியை நோக்கித்தான் வரும்.

இப்போது விதிப் புத்தகத்துக்கு வருவோம். 1968-இல் கீழ்வெண்மணிக்கு நிலவுடைமையாளர்கள் துப்பாக்கியோடுதான் வந்தார்கள். 44 பேர் எரிந்து போனார்கள். 1977-இல் பீகாரின் பெல்ச்சியில் 11 பேர். இப்படிப்பட்ட பட்டியலுக்குப் பிறகுதான் 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 1995 மார்ச் 31 அன்று வெளியாயின. விதி 3 என்ன சொல்கிறது? மாநில அரசு வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அடையாளம் காண வேண்டும். அங்கே, தேவையெனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் துப்பாக்கி லைசென்ஸை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்க வைக்க வேண்டும். அவர்கள் மட்டுமல்ல, நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை! சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அடுத்து, உயிரையும் உடைமையையும் காக்கத் தேவையெனக் கருதினால், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு லைசென்ஸ் வழங்க வேண்டும்.

விதிகள் வந்து இரண்டரை ஆண்டுக்குப் பிறகு, 1997 டிசம்பர் 1 இரவு, பீகாரின் லட்சுமண்பூர் பாதேவில் ரன்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. ஆபத்தான பகுதியை அடையாளம் காண மத்திய பீகாரைவிடத் தெளிவான இடம் எது இருந்தது? 2013-இல் பாட்னா உயர் நீதிமன்றம் தண்டிக்கப்பட்டவர்களையும் விடுவித்தது.

விதி 3-இன் தலைப்பில் உள்ள சொல் "முன்னெச்சரிக்கை". இந்தச் சொல் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. விதிகள் வந்த அடுத்த ஆண்டு, 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றைக் கெடுத்த தோல் ஷாப்கள் குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முழு நிரூபணம் வரும்வரை காத்திருக்காமல், கேடு வரும் முன்பே அரசு தடுக்க வேண்டும். நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் வேலூர் வழக்கு என்றே பாடம் நடத்துகிறார்கள். ஆற்றுக்குச் சொன்ன அந்த நியாயத்தை, ஆற்றங்கரைச் சேரிக்குச் சொல்லும் ஒரு தீர்ப்பு வந்தால் என்ன ஆகும்? விதி 3-இல் உள்ள "தேவையெனக் கருதினால்" என்ற சொற்கள் அதிகாரியின் விருப்பமாக இருக்காது, கடமையாகிவிடும். அமெரிக்கத் தீர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது இது மட்டும்தான் என்று நினைக்கிறோம்.

லைசென்ஸ் வந்தால் எல்லாம் மாறிவிடுமா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுப் பாதையை நில உரிமையாளர்கள் மறித்ததால், ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் பாலத்தின் மேல் ஒரு துப்பாக்கி என்ன செய்திருக்கும்? அங்கே வேண்டியிருந்தது பாதை. 2011 செப்டம்பரில் பரமக்குடியில் தலித்துகளைச் சுட்டது போலீஸ்; அதற்கு எந்த லைசென்ஸும் பதில் அல்ல. இன்னொன்றும் இருக்கிறது. லைசென்ஸ் நிபந்தனைப்படி திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்ற இடங்களுக்கு ஆயுதம் கொண்டு போகக் கூடாது. நம்மை அடிப்பதோ பெரும்பாலும் அங்கேதான். ஷிப்ட் முடிந்து இரவில் வீடு திரும்பும் ஷூ கம்பெனிப் பெண் தொழிலாளியால், துப்பாக்கி வாங்கும் காசுக்கு எத்தனை மாதம் ஓவர்டைம் பார்க்க முடியும்?

அதனால் விதி 3-இன் இரண்டு பாதியில் முதல் பாதியே நமக்கு முக்கியம் என்கிறோம். மிரட்டுகிறவனின் கையிலிருந்து துப்பாக்கியை எடு. அமெரிக்க நீதிமன்றமும் 2024 ஜூனில், துணையை மிரட்டிய ஆளிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. மறுத்த அந்த ஒருவர் அதே கிளாரன்ஸ் தாமஸ்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் விதி 17-இன்படி கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் ஆர்டிஐயில் கேட்க வேண்டியவை இவை: விதி 3-இன் கீழ் இந்த மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட கிராமங்கள் எவை? அந்தக் கிராமங்களில் எத்தனை துப்பாக்கி லைசென்ஸ்கள் நடப்பில் உள்ளன? 1995 முதல் இன்றுவரை எத்தனை ரத்தாகின? எத்தனை தலித்துகள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு, என்ன காரணம் எழுதி மறுத்தார்கள்? மனு எழுதத் தெரியாத தோழர்கள் தெரிந்தவர்களோடு உட்காருங்கள். கட்டணம் 10 ரூபாய்தான்.