கணப்புக்குள் ஓர் இரும்பு அடுப்பு

செங்கல் கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வீணாகிவிடும். இதைத் தடுக்க, அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் 1740களில் கணப்புக்குள் பொருத்தும் வார்ப்பிரும்பு அடுப்பை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை தர அரசு முன்வந்தபோதும் அவர் மறுத்துவிட்டார். நெருப்புக்குப் பின்னாலிருந்த உள்கூடான பெட்டியில் காற்று சூடேறி அறைக்குள் வந்தது. ஆனால் புகை கீழிறங்கி, தரைக்கடியில் சென்று, பிறகு மேலேற வேண்டியிருந்தது. புகைபோக்கி குளிர்ந்திருந்தால் புகை அறைக்கே திரும்பியது. கணப்பை மேம்படுத்த முனைந்த ரம்ஃபோர்டு பிரபு 1796இல் இரும்பையே நாடாமல், அதன் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகைவாயைக் குறுக்கினார்.

எரிபொருள் விலையை ஏற்றிய 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் விறகடுப்பு மீண்டும் வீட்டுக்குள் வந்தது. பலர் எஃகு அடுப்பைப் பழைய கணப்புக்குள் அப்படியே தள்ளி, சுற்றியிருந்த இடைவெளியைத் தகட்டால் மூடினார்கள். புகைக்குழாய் இணைப்பு கிடையாது. அகன்ற புகைபோக்கியில் புகை குளிர்ந்து, கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவு சுவரில் திரண்டது. அது தீப்பற்றினால் வீட்டுக்கே ஆபத்து. இன்றைய முறையில் அடுப்பிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கப்படுகிறது. புதிய விறகடுப்புகளின் புகைக்கு வரம்பு விதிக்கும் அமெரிக்கக் கூட்டரசு விதிகள் 1988இல் வெளியாயின.